பத்து நிமிடம் போதும்!



காற்றடைத்த டயருக்கு 1888ல் காப்புரிமை பெற்ற ஜான் டன்லப், ஒரு கால்நடை மருத்துவர். மகனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓட, அதைத் தானே செய்து பார்த்தார். நீங்களும் ஞாயிறுதோறும் பத்து நிமிடம் ஒதுக்கினால், உங்கள் சைக்கிளை நீங்களே பராமரிக்கலாம்.

முதலில் பிரேக். இரண்டு பிரேக்கையும் இறுகப் பிடித்து, சைக்கிளைத் தள்ளிப் பாருங்கள். எந்தச் சக்கரம் உருண்டாலும், அன்று அதில் ஏறவே கூடாது. தேய்ந்த பிரேக் கட்டையைப் பெரியவர் துணையோடு மாற்றுங்கள்.

அடுத்து, செயினைத் துடைத்து, சில சொட்டு எண்ணெய் விடுங்கள். ரிம்மில் மட்டும் படக்கூடாது. பட்டால் பிரேக் வழுக்கும். டயரைக் கட்டைவிரலால் அழுத்துங்கள், அமுங்கினால் காற்றடியுங்கள்.

தம்பி, தங்கையைப் பின்னால் ஏற்றிச் செல்கிறீர்களா? அவர்கள் உயிரும் உங்கள் கைப்பிடியில்தான் இருக்கிறது!