காஞ்சிபுரத்தில் ஜப்பான் மேப்பிள்

எங்கள் தெருவில் தறி போட்டிருக்கும் ஒருவரின் மகன், கல்லூரிப் பையன், ஆன்லைனில் ஜப்பானிய மேப்பிள் கன்று ஒன்றை வரவழைத்திருக்கிறான். போன்சாய் வளர்க்கப் போகிறானாம். ஒரு சாண் உயரம். விரல் விரித்த கை போல இலை. அழகுதான், மறுக்கவில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த காலத்தில் 'எராப்ல்' என்று புத்தகப் படத்தில் பார்த்த மரம். கனடா நாட்டுக் கொடியில் இருப்பதும் இதன் பங்காளி இலைதான்.

ஆனாலும் நம் ஊரில் இதை வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். சித்திரை வெயில் மட்டும் காரணமில்லை. வெயிலுக்கு நிழல் கட்டலாம், இருவேளை தண்ணீர் விடலாம். குளிருக்கு எங்கே போவது? இந்த மரம் இலையை உதிர்த்துவிட்டுக் குளிர்காலம் முழுக்கத் தூங்க வேண்டும். சில வாரங்களாவது ஏழெட்டு டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அடுத்த துளிர் ஒழுங்காக வரும். நம் மார்கழி விடியற்காலையே இருபது டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கிறது. தூக்கமில்லாத மரம் ஒன்றிரண்டு வருஷம் இழுத்துக்கொண்டு கிடந்து, பெரும்பாலும் போய்விடும்.

"ஏசி ரூமுல வெச்சா பொழைக்குமா தாத்தா?" என்று கேட்டான். பொழைக்காதப்பா. அங்கே வெளிச்சமும் போதாது, காற்றும் வறட்சி. கன்று உயிரோடு இருக்கும்போதே ஊட்டியில் இருக்கும் உன் மாமா வீட்டுக்கு அனுப்பிவிடு என்றேன். அங்கே உறைபனியே விழுகிறது. அதுவரை காலை வெயில் மட்டும் படட்டும். கத்தரியும் கம்பியும் அதன் பக்கம் போக வேண்டாம். இலை நுனி கருகினால் உரம் போடாதே, நிழலுக்கு மாற்று. 'நீல மேப்பிள்' விதை என்றும் விற்கிறார்களாம். அப்படி ஒரு மரமே உலகத்தில் கிடையாது.

போன்சாய் ஆசை இருந்தால் நம் கோயில் மதில்களைப் பாருங்கள். கிருஷ்ணதேவராயர் 1509-ல் எழுப்பிய ஏகாம்பரநாதர் ராஜகோபுரம் போன்ற பழைய கட்டடங்களுக்கு முதல் எதிரி, பறவை எச்சத்தில் முளைக்கும் அரசும் ஆலும் இச்சியும்தான். வேர் இடுக்கில் புகுந்து கல்லையே நகர்த்திவிடும். உழவாரப் பணி செய்பவர்கள் பிடுங்கிக் குப்பையில் போடுவதைக் கேட்டு வாங்குங்கள். நீங்களாகப் பிடுங்கப் போகாதீர்கள். சிற்பம் பெயரும், உள்ளே நின்ற வேர் மறுபடி துளிர்க்கும். வீட்டுச் சுவரிலும் இவை முளைக்கின்றன, அது நம் சொத்து.

ஒரு பிடி மண்ணில் பிழைக்கத் தெரிந்த ஜாதி அது. தட்டையான தொட்டி, அடியில் ஓட்டை, செங்கல் சல்லி, பருமணல், கொஞ்சம் மக்கிய எரு போதும். வெட்டினால் பால் வடியும், பயப்பட வேண்டாம். கம்பி சுற்றினால் பட்டையில் பதிவதற்குள் அவிழ்த்துவிட வேண்டும்.

அரசு இலை பெரிது, சிறுக்க வைப்பது சிரமம். அதை வீட்டில் வைக்கக் கூடாது என்று சொல்லும் மாமிகளும் உண்டு. அவர்களோடு வாதாட எனக்குத் தெம்பில்லை. கல் இச்சி எடுத்துக்கொள்ளுங்கள். இலை சிறிது, யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். ஆடி மழை இரண்டு விழட்டும், மதில் ஓரத்தில் தானாகத் தலைகாட்டும்.