துவக்குக்கு முன் கண்

காலபோக நெல் கதிர் பிடிக்கத் தொடங்கியதும் சிலாவத்துறை, கொண்டச்சி, பண்டாரவெளி, மறிச்சுக்கட்டிப் பக்கத்துக் கமக்காரர்களிடமிருந்து ஒரே கேள்வி வருகிறது. "பன்றிக்கு எந்தத் துவக்கு நல்லது? தொலைநோக்கி பூட்டிய றைபிள் இருந்தால் இரவிலும் பிழைக்காமல் அடிக்கலாமாமே?" கேட்பவர்கள் வேட்டைப் பிரியர்கள் அல்லர். நகையை அடகு வைத்து விதைநெல் வாங்கியவர்கள். ஒரே இரவில் வயலைக் கிளறிப் புரட்டிவிட்டுப் போகும் பன்றிக் கூட்டத்தின் முன் தகரப் பேணியைத் தட்டிக்கொண்டு நிற்பவர்கள். ஆகவே இக்கேள்வியைத் தட்டிக்கழிப்பது நியாயமல்ல. நேரடியாகவே பதில் சொல்ல முயல்வோம்.

முதலில் இந்த நிலை எப்படி வந்தது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். 1990 ஒக்டோபரில் முசலிப் பிரதேசத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். பெரும்பாலானோர் புத்தளத்தில் தஞ்சமடைந்தார்கள். தமிழ் மக்களும் பல தடவைகள் இடம்பெயர்ந்தார்கள். 2007 செப்டெம்பரில் படையினர் சிலாவத்துறையைக் கைப்பற்றியபோது முள்ளிக்குளம் மக்களும் தம் ஊரை விட்டு எழும்ப வேண்டியதாயிற்று. 2009இல் போர் முடிந்த பின்னர் திரும்பி வந்தவர்கள் கண்டது வயலை அல்ல, காட்டை. 20 ஆண்டுகள் கலப்பை படாத நிலத்தில் பாலையும் வீரையும் வளர்ந்திருந்தன. தெற்கே 1938இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட வில்பத்து. ஊரைச் சுற்றிப் புதுப் பற்றைக்காடு. மனிதர் இல்லாத காலத்தில் விலங்குகள் இங்கே குடியேறிக்கொண்டன. அவற்றின் மேல் குற்றம் சுமத்த முடியாது. கரடிக்குழி என்றொரு ஊர்ப்பெயரே எம்மிடம் உண்டு. இந்த மண்ணில் விலங்கு என்றைக்கும் அயலவன்தான்.

போருக்கு முன்னர் கமக்காரர் வீடுகள் பலவற்றில் அனுமதிப்பத்திரத்தோடு ஒரு சொட்கன் இருந்தது. போர்க்காலத்தில் அவற்றிற் சில ஒப்படைக்கப்பட்டன, சில பறிபோயின, சில எங்கே போயின என்றே தெரியாது. ஆகவே திரும்பி வந்தவன் வெறுங்கையோடு வயலில் இறங்கினான். அந்த வெறுங்கைதான் இன்று இடியன் துவக்கையும் கட்டுத்துவக்கையும் பன்றி வெடியையும் கம்பிச் சுருக்கையும் தேடிப் போகிறது.

எந்தத் துவக்கு?

துவக்கைத் தெரிவு செய்பவர் மூன்று விடயங்களைப் பார்க்க வேண்டும்: எந்த விலங்கு, எவ்வளவு தூரம், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது. மூன்றாவதைத்தான் நம்மவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

.22 றைபிளின் சின்னஞ்சிறு சன்னம் ஒன்றரைக் கிலோமீற்றர் வரை பறக்கக் கூடியது. மான் வேட்டைக்கென்று வெளிநாடுகளில் செய்யப்படும் பெரிய றைபிள்களின் சன்னம் பல கிலோமீற்றர் போகும். மலைநாட்டிலென்றால் குறி தவறிய சன்னத்தை ஒரு மண்திட்டி தாங்கிக்கொள்ளும். எமது கரையோரமோ பாய் விரித்தாற்போன்ற சமநிலம். பன்றிக்குத் தப்பும் சன்னம் அடுத்த வயலின் காவற்கொட்டிலுக்கும், அதையும் தாண்டிப் படுத்திருக்கும் பட்டி மாட்டுக்கும் போய்ச் சேரும். எனவே தொலைநோக்கி பூட்டிய றைபிள் நமக்கு ஏற்ற ஆயுதமே அல்ல. அதற்கான அனுமதி பயிர்க்காவலுக்குக் கிடைக்கும் என்றும் எவரும் எதிர்பார்க்க வேண்டாம்.

பயிர்க்காவலுக்கு உரியது 12 போர் சொட்கன். அதற்கான எஸ்.ஜி. தோட்டாவில் பெரிய குண்டுகள் 8 அல்லது 9 இருக்கும். சுமார் 30 மீற்றர் வரை அவை ஒன்றாகப் போய்த் தைக்கும். அதற்கப்பால் அகன்று பரவி விலங்கைக் கொல்லாமற் காயப்படுத்தும். காயப்பட்ட தனியன் பன்றி பற்றைக்குள் பதுங்கியிருந்து ஆளைக் கிழிக்கும் என்பதை எமது வாசகர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே 30 மீற்றருக்குக் கிட்ட வராத பன்றிக்கு வெடி வைக்கக் கூடாது. பரணில் இருந்து கீழ்நோக்கிச் சுடுவது மிகவும் நல்லது. தப்பிய குண்டை நிலமே வாங்கிக்கொள்ளும்.

எந்தக் கண்?

இரவுக் காவலின் உண்மையான பிரச்சினை சுடுவதில் இல்லை, கண்டுகொள்வதில்தான் இருக்கிறது.

நெற்றியில் டோர்ச் கட்டிக்கொண்டு, பற்றைக்குள் கண் மின்னினால் வெடி வைப்பது பலரது பழக்கம். இதில் ஒரு பெரும் பிழை இருக்கிறது. மான், மரை, சிறுத்தை, நரி, நாய், ஆடு, மாடு ஆகியவற்றின் கண்ணுக்குள் பின்புறமாக வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு. அதனாலேயே அவற்றின் கண் தணல் போல ஒளிர்கிறது. பன்றிக்கு அந்தப் படலம் கிடையாது. மனிதருக்கும் கிடையாது. இதைச் சற்று நிதானித்து யோசித்துப் பாருங்கள். கண் மின்னுவதைக் கண்டு சுடுகிறவன் பயிரைத் தின்னும் பன்றியைச் சுடவில்லை. புள்ளிமானையோ, அயலவனின் பசுவையோதான் சுடுகிறான். கண் மின்னாத கறுப்பு உருவத்தைச் சுடுகிறவனோ, அது பன்றியா, தண்ணீர் கட்ட வந்து வரம்பில் குந்தியிருக்கும் மனிதனா என்பதை அறியாமலே சுடுகிறான்.

இப்போது கைத்தொலைபேசியில் விளம்பரப்படுத்தப்படும் வெப்பக் கமராக்கள் இதைத் தீர்த்துவிடுமா? அவை உடலின் சூட்டைக் காட்டும். பன்றியும் சூடு, மாட்டுக்கன்றும் சூடு, குனிந்திருக்கும் மனிதனும் சூடு. தூரத்தில் எல்லாம் ஒரு வெள்ளைப் பொட்டுத்தான். துவக்கில் பூட்டும் தொலைநோக்கியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அது என்னவென்று பார்ப்பதற்கே துவக்கை அதன் மேல் நீட்ட வேண்டும். பார்த்தபின் அது உங்கள் சகோதரனின் முகமாக இருந்தால், உங்கள் விரல் ஏற்கெனவே விசையில் இருக்கிறது.

ஆகவே காசு செலவழிக்கத்தான் வேண்டும் என்றால், கையில் பிடித்துப் பார்க்கும் சாதாரண இரட்டைக்கண் தொலைநோக்கி ஒன்றை நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து வாங்கலாம். அதன் மேல் 8×40, 10×25 என்று எழுதியிருக்கும். முதல் எண் எத்தனை மடங்கு பெருப்பிக்கும் என்பது. மற்றது முன்கண்ணாடியின் அகலம், மில்லிமீற்றரில். இரண்டாவதை முதலாவதாற் பிரித்தால் வருவது கண்ணுக்கு வந்துசேரும் வெளிச்ச வட்டத்தின் அளவு. 8×40இல் அது 5 மில்லிமீற்றர். 10×25இல் இரண்டரை மாத்திரமே. கடைக்காரர் "கூடப் பெருப்பிக்கும்" என்று இரண்டாவதைப் புகழ்வார். கருக்கலில் பார்ப்பதற்கு முதலாவதே உதவும். 7×50 கிடைத்தால் இன்னும் நல்லது. பொழுதுபடும் நேரத்தில் காட்டோரத்தை அதனால் பார்த்து வைத்தால் எந்தப் பக்கத்தால் பன்றி இறங்கப் போகிறது என்பது இருட்டுமுன்னே தெரிந்துவிடும். துவக்கே எடுக்காமல் வெளிச்சத்தோடும் சத்தத்தோடும் போய் மறிக்கலாம்.

கண்ணில்லாத துவக்கு

இந்த அளவுகோலை வைத்துக் கட்டுத்துவக்கைப் பாருங்கள். அதற்குக் கண்ணே இல்லை. குறுக்கே கட்டிய கம்பியில் எது தட்டினாலும் அது வெடிக்கும். பன்றியின் நெஞ்சு உயரத்துக்குக் கட்டுகிறார்கள். அது மனிதனின் முழங்கால் உயரம். விறகுக்கும் தேனுக்கும் காட்டுக்குப் போகிறவர்களும், மாடு தேடிப் போகும் பிள்ளைகளும் கால் இழப்பது இதனால்தான். கண்ணிவெடிக்குத் தப்பி ஊர் திரும்பிய மக்கள், தம் கையாலேயே இன்னொரு கண்ணிவெடியைப் புதைத்து வைப்பது எவ்வளவு கொடுமை! வேலியே பயிரை மேய்ந்த கதைதான் இது.

பன்றி வெடியும் அப்படியே. உணவுக்குள் மறைத்து வைக்கும் அந்த வெடியை யானைக்குட்டி கடித்தால் தாடை சிதறும். தின்னவும் குடிக்கவும் முடியாமல் நாட்கணக்காகத் துடித்துச் சாகும். 2019ஆம் ஆண்டில் மாத்திரம் இலங்கையில் 400க்கும் மேற்பட்ட யானைகள் இறந்தன. அதே ஆண்டில் யானையால் இறந்த மனிதரும் 100க்கு மேல். இரு பக்கத்துச் சாவும் ஒன்றையொன்று வளர்க்கிறது. காயப்பட்டு வெறிகொண்ட யானை அடுத்த வேளாண்மையில் யாருடைய கொட்டிலைப் பிரிக்கும் என்று எவரால் சொல்ல முடியும்?

கம்பிச் சுருக்குக்கும் கண் இல்லை. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் மரக்கறித் தோட்டத்துச் சுருக்கில் அகப்பட்டது ஓர் அபூர்வக் கருஞ்சிறுத்தை. சிகிச்சை அளித்தும் அது சில நாட்களில் இறந்தது. 2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஊருக்குள் வந்து பலரைக் காயப்படுத்திய சிறுத்தையை மக்கள் அடித்துக் கொன்றார்கள். அங்கே பயமும் கோபமும் இருந்தன. அவற்றை நாம் விளங்கிக்கொள்கிறோம். ஆனாலும் கமக்காரன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிறுத்தை நெல் தின்பதில்லை. நெல் தின்னும் பன்றிக்குட்டியையும் மானையும் அது தின்கிறது. சிறுத்தை இல்லாத காட்டில் பன்றி பெருகும். சம்பளம் கேட்காத காவற்காரனைக் கொன்றுவிட்டுத் துவக்குக்கு அலைவது புத்திசாலித்தனமா?

மான் விடயத்திலும் ஒளிவுமறைவின்றிப் பேசுவோம். சந்தைக்கு மான் வத்தல் போட வெடி வைப்பவனும் "பயிர்க்காவல்" என்றே சொல்லிக்கொள்கிறான். அது பயிர்க்காவல் அல்ல. 1937ஆம் ஆண்டின் வன சீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் 2009இல் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் மானையும் மரையையும் சிறுத்தையையும் பாதுகாக்கின்றன. பூங்காவுக்கும் சரணாலயத்துக்கும் வெளியே, தன் பயிரைக் காக்கும் கமக்காரனுக்குச் சட்டம் இடம் விடுவது பெரும்பாலும் காட்டுப்பன்றி விடயத்தில்தான். மான் வியாபாரி ஒருவன் பிடிபட்டால், அந்த ஊரில் உண்மையாகவே வயல் காப்பவனின் விண்ணப்பத்தையும் அதிகாரிகள் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள்.

அரசிடம் கேட்க வேண்டியது

மக்களுக்கு மாத்திரம் புத்தி சொல்லிவிட்டு ஒதுங்குவது அநீதி. 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் மாவட்டச் செயலகத்தின் ஊடாகப் பயிர்க்காவல் துவக்குக்கு அனுமதி கேட்கலாம். ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்க வேண்டும். ஆனால் விண்ணப்பிப்பவர் தமக்குப் பயிர்க்காணி உண்டென்று காட்ட வேண்டும். எமது மக்களின் முட்டுக்கட்டை அங்கேதான். உறுதிகள் போரில் தொலைந்தன. 2012இலும் 2017இலும் வந்த வர்த்தமானி அறிவித்தல்கள் மறிச்சுக்கட்டி, கரடிக்குழி, மாவில்லுப் பகுதிகளில் பெரும் நிலப்பரப்பை வனமாக்கின. தகப்பன் உழுத காணியில் மகன் அத்துமீறியவன் ஆகிறான். காணியே இல்லாதவனுக்குத் துவக்கு எப்படிக் கிடைக்கும்? காணிப் பிரச்சினையைத் தீர்க்காமல் கட்டுத்துவக்கைப் பிடித்து வழக்குப் போடுவது நோயை விட்டுவிட்டுக் காய்ச்சலை அளப்பது போன்றது.

2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணிக்கு, குரங்கு, மயில் போன்ற விலங்குகளை நாடு முழுவதும் 5 நிமிடம் நின்று எண்ணும்படி அரசு மக்களைக் கேட்டது. எண்ணுவது நல்லதே. ஆனால் நள்ளிரவில் வந்து விடியுமுன் போகும் பன்றிக் கூட்டம் காலை 8 மணிக்கு எவருக்காகக் காத்திருக்கும்? இரவில் என்ன நடக்கிறது என்பதை அறிய விரும்புபவர் எமது காவற்கொட்டிலில் ஓர் இரவு தங்க வேண்டும்.

அயல்நாட்டில் வேறு வழிகளைப் பரீட்சித்திருக்கிறார்கள். கேரளத்தில் 2022 மே மாதம் முதல், பயிரழிக்கும் காட்டுப்பன்றியைச் சுடக் கட்டளையிடும் அதிகாரம் உள்ளூராட்சித் தலைவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. சுடுபவர் அனுமதி பெற்ற, பெயர் பதிந்த ஒருவர். தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில், காப்புக் காட்டிலிருந்து 3 கிலோமீற்றருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்று அரசு அறிவித்தது. இவற்றில் குறைகள் இருக்கலாம். எனினும் ஒரு நல்ல எண்ணம் இரண்டிலும் உண்டு. வீட்டுக்கு வீடு துவக்கு என்பதை விடுத்து, ஊருக்குப் பொறுப்பான ஒரு கையில் அதைக் கொடுக்கிறார்கள்.

நாமும் இதைச் செய்யலாம். அகத்திமுறிப்பு, வியாயடிக் குளங்களின் கீழுள்ள கமக்காரர் அமைப்புகள் தமிழர், முஸ்லிம் என்ற பேதமின்றிக் கூடட்டும். ஒவ்வொரு வயல்வெளிக்கும் நிதானமுள்ள, குடிப்பழக்கமற்ற இருவரைத் தெரிவு செய்து, அவர்கள் பெயரில் அனுமதிப்பத்திரம் கேட்டுப் பிரதேச செயலகத்துக்கும் கமநல சேவை நிலையத்துக்கும் கூட்டாக விண்ணப்பிக்கட்டும். பரண்களை எங்கே கட்டுவது, எந்த இரவில் யார் காவல், எவர் எந்த வரம்பில் நிற்பார் என்று முறை போட்டு எழுதி வைக்கட்டும். அன்றிரவு வயலில் நிற்பவர்களின் பெயர் தெரியாமல் எவரும் துவக்கைத் தொடக் கூடாது. கட்டியிருக்கும் கட்டுத்துவக்குகளையும் சுருக்குகளையும் இந்தப் போகத்துக்கு முன்னரே கட்டியவர்களே கழற்றட்டும். பற்றைக்குள் கிடக்கும் போர்க்கால ஆயுதமோ வெடிபொருளோ கண்ணிற் பட்டால், கை வைக்காமல் பொலிசாருக்கு அறிவிக்கட்டும்.

துவக்கு வர நாட்செல்லும். பரண் கட்டக் காசு வேண்டியதில்லை. காட்டில் தடியும் ஊரில் கையும் இருக்கின்றன. கதிர் பிடிக்குமுன் அதைக் கட்டத் தொடங்குவோம்.