காலதரும் கைவிசையும்

சுவர் எழுப்பிய மனிதன் அதில் காற்றுக்கும் ஒளிக்கும் ஒரு வழி விட்டான். அவ்வழிக்குச் சிலப்பதிகாரம் தரும் பெயர் ‘காலதர்’ என்பது. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. துளைகள் பல உடைய சாளரத்தைப் ‘பலகணி’ என்றும் நம் முன்னோர் வழங்கினர். போர்த்துகீசியர் வருகைக்குப் பின் ‘சன்னல்’ என்னும் சொல்லும் நம்மிடையே நிலைத்துவிட்டது. சொற்கள் மாறினும் தேவை மாறவில்லை. ஒளியும் காற்றும் வேண்டும்போது வருதல் வேண்டும். கடும் வெயிலும் அயலார் பார்வையும் தடுக்கப்படுதல் வேண்டும். இவ்விரண்டையும் இயைத்து வைப்பது திரையின் பணியாகும். மூங்கில் தட்டியும் வெட்டிவேர்த் தட்டியும் துணித்திரையும் அப்பணியை நெடுங்காலம் செய்து வந்துள்ளன.

இன்று அத்திரையை மோட்டார் ஏற்றி இறக்குகிறது. அம்மோட்டாரை ஆளும் சுவர்ச் சுவிட்சும் அலைபேசியின் சொற்கேட்டு நடக்கிறது. ‘ஸ்மார்ட் சுவிட்ச்’ என்று கடைவீதியில் வழங்கும் இதனைத் ‘திறன்விசை’ என்று ஈண்டுக் குறிப்போம். மின்பணியாளர் மாட்டிச் செல்லும் ஒரு கருவியைப் பற்றித் தமிழ்த்துறை மலரில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் வினவக்கூடும். இருக்கிறது என்பதும், அது தமிழ் பயில்வோர் கைக்கே வந்து சேரவேண்டிய கடமை என்பதும் நம் கருத்து.

பாப்பிரெட்டிப்பட்டியை எடுத்துக்கொள்வோம். சேர்வராயன் மலையின் அடிவாரத்தில், வாணியாற்றுப் பாசனத்தை நம்பிக் கரும்பும் மஞ்சளும் மரவள்ளியும் விளைவிக்கும் வட்டம் அது. பொம்மிடியில் இரயிலேறி வெளியூர் சென்று பொருளீட்டுவோர், சொந்த ஊரில் மனை எழுப்புகின்றனர். அகன்ற கண்ணாடிச் சன்னல் வைத்த மேற்கு அறையில் பிற்பகல் வெயில் தாங்காது. உயரத்திலுள்ள திரையின் கயிற்றை முதியோரால் இழுக்க இயலாது. அத்தகைய வீட்டிற்கு மோட்டார்த் திரை ஆடம்பரம் என்று சொல்லிவிட முடியாது.

தொலைவிலிருந்து மோட்டாரை இயக்கும் முறை நம் உழவர்க்குப் புதிதும் அன்று. நள்ளிரவில் மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்துப் பாம்புக்கும் தேளுக்கும் அஞ்சியபடி கிணற்றுமேட்டிற்கு நடந்த உழவர் பலர், இன்று அலைபேசியாலேயே நீரிறைக்கும் மோட்டாரை இயக்குகின்றனர். இக்கருவிக்கு வேளாண்மைப் பொறியியல் துறை மானியமும் வழங்கியுள்ளது. ஆயினும் கிணற்றடிப் பெட்டியில் பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அலைபேசி செயலிழந்தால் கை செயற்படும். இந்த ஏற்பாட்டின் அருமையைப் பின்னர்க் காண்போம்.

முதலில் திறன்விசையின் இயல்பை அறிந்துகொள்வோம். சுருள்திரையின் உருளைக்குள் நீண்ட குழாய் வடிவிலான மோட்டார் ஒளிந்திருக்கிறது. வீட்டு மின்சாரத்தில் ஓடும் மோட்டாராயின் பெரும்பாலும் அதிலிருந்து நான்கு கம்பிகள் வரும். ஒன்று நியூட்ரல், ஒன்று எர்த், ஏனைய இரண்டில் ஒன்றுக்கு மின்சாரம் கொடுத்தால் திரை ஏறும், மற்றொன்றுக்குக் கொடுத்தால் இறங்கும். இரண்டிற்கும் ஒரே நேரத்தில் கொடுத்தால் மோட்டார் கெடும். ஆதலின் விளக்கிற்கு மாட்டும் இரண்டு சாதாரணச் சுவிட்சுகளை இதற்குப் பயன்படுத்துதல் கூடாது. ஒன்று இயங்கும்போது மற்றொன்று இயங்காதபடி தடுக்கும் பூட்டு அமைப்பு திறன்விசைக்குள் இருக்கவேண்டும். திரைக்கென்றே செய்யப்பட்ட விசையை வாங்கவேண்டும் என்பது இதனாலேயே.

திரை எங்கே நிற்கிறது என்பதைத் திறன்விசை கண்ணால் காண்பதில்லை. மேல் எல்லையிலும் கீழ் எல்லையிலும் நிற்பதற்கான அமைப்பு மோட்டாருக்குள் இருக்கிறது. இடைப்பட்ட நிலைகளை விசை காலக்கணக்கால் அறிகிறது. முழுவதும் இறங்க 30 விநாடி ஆகும் திரையைப் பாதியில் நிறுத்த வேண்டுமாயின், அது 15 விநாடி மட்டும் மின்சாரம் விடும். ஆகவே, மாட்டியவுடன் திரையை ஒருமுறை முழுவதும் ஏற்றி, ஒருமுறை முழுவதும் இறக்கி, அக்கால அளவை விசைக்குக் கற்பித்தல் வேண்டும். நாளடைவில் கணக்குச் சிறிது பிசகும். எல்லைவரை ஓடவிட்டால் மீண்டும் சரியாகும். இம்மோட்டார்கள் நெடுநேரம் ஓடுவதற்கென அமைந்தவை அல்ல. பெரும்பாலானவை ஏறத்தாழ 4 நிமிடங்கள் தொடர்ந்து ஓடினால் சூட்டினால் தாமே நின்று, ஆறியபின் மீண்டும் ஓடும். இதனை அறியாதவர், அளவு பார்க்கும் வேளையில் நின்றுபோன மோட்டாரைப் பழுதென்று கருதிக் கழற்றிவிடுவர்.

இவையாவும் கருவியோடு வரும் தாளில் எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் எம்மொழியில்? ஆங்கிலத்தில் இருக்கும், சீனத்தில் இருக்கும், சிலவற்றில் இந்தியும் இருக்கும். தமிழைக் காண்பது அரிது. பெட்டியின் மேல் அச்சிட வேண்டிய விவரங்களை இந்தியிலோ ஆங்கிலத்திலோ தரவேண்டும் என்பது 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதி. பிற மொழிகளைக் கூடுதலாகச் சேர்ப்பதற்கு அவ்விதி தடை சொல்லவில்லை. தடையில்லாத இடத்திலும் தமிழ் இல்லையென்றால், கேட்பார் இல்லை என்பதே பொருள்.

கேளாதிருப்பதால் விளையும் கேடு சிறிதன்று. நம் நாட்டு வீட்டு மின்னமைப்பில் நெடுங்காலமாகக் கறுப்புக் கம்பி நியூட்ரலாகும். சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகியவை பேஸ் எனப்படும் மின்னேறிய கம்பிகளாகும். பச்சை எர்த் ஆகும். மேனாட்டு முறையைத் தழுவிய திரை மோட்டார்களிலோ நீலம் நியூட்ரல். கறுப்பும் பழுப்பும் ஏற்றத்திற்கும் இறக்கத்திற்கும் உரிய மின்கம்பிகள். இருபது ஆண்டு பணிசெய்த கை, கறுப்பைக் கறுப்போடு சேர்க்கவே விரையும். அவ்வாறு சேர்த்தால் மோட்டார் ஓடாமற் போகலாம்; கருகவும் கூடும். அப்பணியாளரின் திறமையில் குறையில்லை. அவர் கற்ற நிறமுறையும் கருவியின் நிறமுறையும் வேறு வேறு; அவ்வேறுபாட்டைச் சொல்லும் வரி அவர் அறியாத மொழியில் இருக்கிறது.

இதனினும் கொடிய பிழை ஒன்றுண்டு. திறன்விசை எந்நேரமும் விழித்திருந்து செய்திக்குக் காத்திருப்பதால் அதற்கு நியூட்ரல் கம்பி வேண்டும். பழைய வீடுகளின் சுவிட்ச் பெட்டியிலோ பெரும்பாலும் நியூட்ரல் வருவதில்லை. அதனை இழுத்துக்கொண்டு வருவது சுவரைக் கீறும் வேலை. அவ்வேலைக்குச் சோம்பி, அருகிலுள்ள எர்த் கம்பியையே நியூட்ரலாகப் பயன்படுத்துவோர் உண்டு. கசிவு மின்சாரத்தைத் தடுக்கும் பாதுகாப்புக் கருவி வீட்டில் இருந்தால் அது துண்டித்துவிடும். அது இல்லாத வீட்டில், அந்த எர்த் கம்பி எங்கேனும் அறுந்துபோகுமாயின், அதனோடு இணைந்த குளிர்ப்பெட்டியின் உடலிலும் சலவைப்பொறியின் உடலிலும் மின்சாரம் ஏறி நிற்கும். அதைத் தொடுவது ஒரு குழந்தையின் கையாகவும் இருக்கலாம். ‘எர்த் கம்பியை நியூட்ரலாகப் பயன்படுத்தாதே’ என்னும் ஒரு வரி தமிழில் இருப்பின் ஓர் உயிர் பிழைக்கக்கூடும்.

“மின்பணியாளர்கள் பார்த்துப் பழகியே கற்கின்றனர், அவர்க்குத் தமிழ்த்தாள் எதற்கு? நியூட்ரல், எர்த், ரிலே என்பனவற்றைத் தமிழாக்கினால் அவர்க்கே விளங்காதே” என்பர் சிலர். இவ்வாதத்தின் பிற்பகுதியில் உண்மை உண்டு. தொழில் செய்வோர் நாவில் நிலைத்த சொற்களைப் பறித்துவிட்டு அகராதிச் சொற்களை அவர்கள் கையில் திணிப்பது உதவியாகாது. நியூட்ரல் நியூட்ரலாகவே இருக்கட்டும். வாக்கியம் தமிழில் இருக்கவேண்டும் என்பதே நாம் கேட்பது. வாதத்தின் முற்பகுதியோ பொருந்தாது. பார்த்துப் பழகிய அறிவு பழைய கருவிக்குப் போதும். ஆண்டுதோறும் மாறும் கருவிக்கு எழுத்தறிவே துணை.

இப்பணிக்கு நம் மண்ணிலேயே முன்னோடிகள் உள்ளனர். யாழ்ப்பாணத்தில் 19ஆம் நூற்றாண்டில் மருத்துவர் சாமுவேல் கிரீன், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 1916இல் சேலத்தில் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் அறிவியற் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென ஒரு கழகம் கண்டு இதழும் நடத்தினர். தருமபுரி அக்காலத்தில் சேலம் மாவட்டத்தின் பகுதி. 1965இல்தான் அது தனி மாவட்டமாயிற்று. ஆகவே அக்கழகத்தைப் பாப்பிரெட்டிப்பட்டியார் தம் மாவட்டத்து முயற்சி என்றே உரிமை கொண்டாடலாம். நம் சமுதாயத்தில் தோன்றிய மணவை முஸ்தபா அவர்கள், யுனெஸ்கோ கூரியர் இதழின் தமிழ்ப் பதிப்பாசிரியராக விளங்கி, மருத்துவத்திற்கும் கணினிக்கும் கலைச்சொல் அகராதிகளைத் தனியொருவராகவே தொகுத்தளித்தார். 2017இல் மறையும்வரை அவர் வலியுறுத்தியது, எந்த அறிவியலையும் தமிழால் சொல்லமுடியும் என்பதே. அவர் போன்றோர் சொற்களைத் திரட்டித் தந்தனர். அச்சொற்களைக் கொண்டு ஒரு பயன்பாட்டுத் தாளையேனும் எழுதினோமா என்பது நம்மை நோக்கி எழும் வினா.

மொழியை அடுத்து, கையின் உரிமையைப் பற்றியும் சொல்லவேண்டும். அலைபேசியால் மட்டும் இயங்கும் திரை, அலைபேசி வைத்திருப்பவருக்கு மட்டுமே வீட்டை உரிமையாக்குகிறது. பாட்டியார் வெளிச்சம் வேண்டினால் பேரன் கல்லூரியிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டுமா? வீட்டுப்பணிக்கு வரும் அம்மையாரும் விருந்தினரும் கண்பார்வை குறைந்தவரும் தடவிப் பார்த்து இயக்கத்தக்க மூன்று பொத்தான்கள், ஏற்றவும் நிறுத்தவும் இறக்கவும், சுவரில் இருந்தே ஆகவேண்டும். இணையம் இல்லாத வேளையிலும் அவை வேலை செய்யவேண்டும். மின்சாரமே இல்லாதபோது கையால் சுழற்றத்தக்க அமைப்புள்ள மோட்டாரைத் தேர்வது நன்று.

பெரும்பொருள் செலவிட்டோரும் இப்பாடத்தைக் கற்றுள்ளனர். 1987இல் பாரிசு மாநகரில் அரபுலக நிறுவனத்தின் கட்டடம் திறக்கப்பட்டது. அரபு நாட்டு மரச்சாளரங்களின் பின்னல் வேலைப்பாட்டைப் பின்பற்றிக் கட்டடக்கலைஞர் ழான் நூவெல், அதன் தெற்குச் சுவரில் 240 உலோகச் சாளரங்களை அமைத்தார். வெயிலின் அளவிற்கேற்பக் கண்மணிபோல் அவை தாமே விரிந்து சுருங்கின. உலகமே வியந்தது. காலப்போக்கில் அவற்றுட் பல இயங்காது நின்றன. 2017இல் தான் அம்முகப்பு செப்பனிடப்பட்டுப் புத்துயிர் பெற்றது. பாரிசில் நின்றால் பழுதுபார்க்கப் பொறியாளர் வருவர். பாப்பிரெட்டிப்பட்டியில் நின்றால் யார் வருவர்? உள்ளூர்ப் பணியாளர் திறந்து பார்த்துச் சீர்செய்யத்தக்க பொருளையே நாம் வாங்கவேண்டும்.

மறைவின் பொருட்டே திரை இடுகிறோம். அத்திரையை ஆளும் விசையோ பலவிடத்து அயல்நாட்டுக் கணினியொன்றின் வழியாகவே ஏவலைப் பெறுகிறது. எப்போது திரை ஏறியது, எப்போது இறங்கியது, எத்தனை நாள் ஏறவே இல்லை என்பனவெல்லாம் அங்கே பதிவாகக்கூடும். வீட்டார் ஊரில் இல்லை என்பதை இதனினும் தெளிவாகச் சொல்ல வேறு சான்று வேண்டுமோ? 2022இல் வெளிவந்த ‘மேட்டர்’ என்னும் பொதுத்தரம், பல நிறுவனத்துக் கருவிகளும் வீட்டிற்குள்ளேயே தம்முள் செய்தி பரிமாற வழிசெய்கிறது. அத்தகைய கருவியைக் கேட்டு வாங்குவது அறிவுடைமை. கடவுச்சொல்லை மாற்றாது விடுவது, வாயிற்கதவைத் திறந்துவைத்து உறங்குவதற்கு ஒப்பாகும்.

மாணவச் செல்வங்களே! உங்களுக்கு ஒரு சிறுபணி. இயற்பியல் துறை மாணவர் ஒருவரையும் அனுபவமிக்க மின்பணியாளர் ஒருவரையும் உடன் அமர்த்திக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் அடங்கும் தமிழ்த்தாள் ஒன்றை எழுதுங்கள். மெயினை அணைத்து, டெஸ்டரால் சோதித்த பின்னரே தொடவேண்டும் என்பதை முதல் வரியில் வையுங்கள். நிறத்தை நம்பாது மோட்டாரின் மேலுள்ள படத்தைப் பார்க்க வேண்டும் என்பதை இரண்டாவதாக எழுதுங்கள். எர்த் கம்பியை நியூட்ரலாக்கக் கூடாது. இரண்டு மோட்டார்களை ஒரே விசையில் நேராக இணைக்கக் கூடாது. விசைப்பெட்டியின் ஆழம் போதுமா என முன்னரே அளக்க வேண்டும். பெரும்பாலான திறன்விசைகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இணையும் ஆதலின் வீட்டு வைஃபையில் அதனை இயக்கி வைக்கவேண்டும். இவ்வளவே போதும். எழுதியதை அப்பணியாளரிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள். அவர் எவ்விடத்தில் தயங்குகிறாரோ அவ்விடத்தைத் திருத்துங்கள். தேர்வுத்தாளில் பெறும் மதிப்பெண்ணினும் அவர் தயங்காமல் தலையசைப்பது உயர்ந்த மதிப்பீடு.

சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். கடைக்காரரிடம் விலையைக் குறைக்கக் கேட்கும் நாம், தமிழ்த்தாளையும் கேட்போம். ஒருவர் கேட்டால் சிரிப்பர். நூறு பேர் கேட்டால் அச்சிடுவர். இலக்கியத்தில் வளர்ந்த மொழி, மின்பணியாளரின் சட்டைப்பையில் மடித்து வைத்த தாளிலும் வாழவேண்டும். அங்கே அது ஓர் உயிரைக் காக்குமாயின், தமிழ்த்துறை தன் கடமையைச் செய்தது என்று நாம் மனநிறைவு கொள்ளலாம்.