முதலில் விழப் பழகுவோம்



நாற்பது தாண்டிய நாங்கள் சிலர் ஜூடோ பழகத் தொடங்கியதிலிருந்து அரியாலையில் காண்பவர்கள் கேட்பது ஒன்றுதான்: "முப்பது வருசமாய்ப் பார்த்த சண்டை காணாதோ சேர்?"

நியாயமான கேள்வி. 1990 ஒக்டோபர் 30இல் நாங்கள் வெளியேற்றப்பட்டோம். 1995இல் அதே நாளில் நீங்கள் இரவோடிரவாக நடந்தீர்கள். சண்டை என்றால் என்னவென்று இங்கே யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை.

ஆனால் ஜூடோவில் முதற்பாடம் அடிப்பதல்ல, விழுவது. 1882இல் இதைத் தொடங்கிய ஜிகோரோ கானோ, சிறுவயதில் பலசாலிப் பையன்களிடம் அடிவாங்கிய மெலிந்த பிள்ளை. கழுத்தை உள்ளே மடக்கி, கையால் மெத்தையை அறைந்து விழ வேண்டும். இதற்கே எங்களுக்குப் பல கிழமைகள் போயின.

அடுத்தது, பிடிக்குள் அகப்பட்டவர் தட்டினால் உடனே விட்டுவிட வேண்டும். நாங்கள் பார்த்த சண்டையில் தட்டினாலும் விட ஆளிருக்கவில்லை.

மற்றவரை வீழ்த்துபவரல்ல, கோபத்தில் தன்னை அடக்குபவரே வீரர் என்ற நபிமொழியை வகுப்பில் எத்தனையோ தடவை படிப்பித்திருக்கிறோம். எங்களிடம் படிக்கும் பொடியன் எங்களைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சிரித்தானே, அன்றுதான் அது எவ்வளவு கஷ்டம் என்று விளங்கியது. வகுப்பறையென்றால் கத்தியிருப்போம். மெத்தையில் எழுந்து, குனிந்து வணக்கம் சொன்னோம். அதன்பிறகு வகுப்பிலும் எங்கள் குரல் கொஞ்சம் தணிந்திருக்கிறது.

பிள்ளையை இறக்கிவிட்டு மதிலடியில் போன் பார்த்து நிற்கும் பெற்றோரே, பிரஷர், சீனி, முழங்கால் மூன்றையும் டொக்டரிடம் காட்டிவிட்டு உள்ளே வாருங்கள். நீங்கள் விழுந்து எழும்புவதைப் பிள்ளைகளும் பார்க்கட்டும்.