பழகுதலும் பழக்குதலும்

கல்லூரியில் இடம் கிடைக்குமா என்னும் ஏக்கம் நமக்குப் புதியதன்று. மதிப்பெண் பட்டியலைக் கையிலேந்தி அலுவலக வாயிலில் காத்து நிற்கும் பெற்றோரை ஆண்டுதோறும் காண்கிறோம். ஆயின், நம்மிடம் பகுதி ஒன்று தமிழ் பயிலும் விலங்கியல் மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு கொண்டுவந்த ஏக்கம் வேறு வகையினது. “ஐயா, அமெரிக்காவில் விலங்குகளைப் பழக்கக் கற்றுத்தரும் கல்லூரி ஒன்று இருக்கிறது. அதில் சேர வேண்டும். அத்தாவிடம் சொன்னால் அடிக்க வருகிறார். நீங்கள் ஒரு வார்த்தை பேசுங்கள்” என்றார். நாம் சிரித்துவிட்டோம். அச்சிரிப்பு பிழையென்று உணர நமக்குச் சில வாரங்கள் ஆயின. அவ்வாரங்களில் தேடிப் படித்தவற்றையும், அவற்றால் நாம் கொண்ட கருத்தையும் மாணவர்க்கும் பெற்றோர்க்கும் பெரியோர்க்கும் இம்மலர்வழி எடுத்துரைக்க விழைகின்றோம்.

அம்மாணவர் குறிப்பிட்டது கலிபோர்னியா மாநிலத்தில், லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு வடமேற்கே அமைந்த மூர்பார்க் கல்லூரியை. அது பெரும்புகழ் பூண்ட பல்கலைக்கழகம் அன்று. அவ்வட்டார மக்கள் குறைந்த கட்டணத்தில் ஈராண்டுப் படிப்புப் பயிலும் பொதுக் கல்லூரியே. எனினும் அதன் வளாகத்துக்குள் ஏறத்தாழ ஐந்து ஏக்கர் பரப்பில் ஓர் உயிரியல் பூங்கா இருக்கின்றது. வில்லியம் பிரிஸ்பி என்னும் உயிரியல் ஆசிரியர் 1974ஆம் ஆண்டு தொடங்கிய விலங்குப் பயிற்சி மேலாண்மைப் படிப்புக்கு அப்பூங்காவே வகுப்பறை. சிங்கமும் கழுதைப்புலியும் குரங்கும் கழுகும் பாம்புமாகப் பலவகை உயிர்கள் அங்கே மாணவர் பொறுப்பில் வாழ்ந்து வந்துள்ளன. உயிரியல் முதலிய பாடங்களைக் கல்லூரி அளவில் முன்னரே தேறியவர்களே விண்ணப்பிக்க இயலும். ஆண்டுக்கு ஐம்பது பேர் என்னும் அளவிலேயே சேர்க்கை. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் இளைஞர்கள் வேலையை விட்டும் வீட்டை விட்டும் அங்கே குடிபெயர்ந்து வந்து அவ்விடத்துக்காகக் காத்திருக்கின்றனர்.

இடம் பெற்றபின் அவர்க்கு வாய்ப்பது என்ன? வாரத்தின் ஏழு நாளும் வேலை. பண்டிகை நாளும் விலக்கன்று. விலங்கின் வயிறு விடுமுறை அறியாது. விடிகாலையில் வந்து கூண்டு கழுவ வேண்டும், சாணம் அள்ள வேண்டும், இறைச்சியும் பழமும் நறுக்கி எடையிட்டு வைக்க வேண்டும், ஒவ்வோர் உயிரின் உண்டியையும் கழிவையும் நடத்தையையும் குறிப்பேட்டில் பதிய வேண்டும். அதன்பின் வகுப்பு, வார இறுதியில் பூங்காவைக் காண வரும் பொதுமக்கள் முன்னே விளக்கவுரை. வேறு வேலை பார்த்துப் பொருளீட்ட நேரமே இராது. ஏமி சதர்லண்ட் என்னும் பத்திரிகையாளர் இம்மாணவரோடு ஓராண்டு உடனிருந்து எழுதிய நூல் 2006இல் வெளிவந்தது. உதைபட்டு, கடிபட்டு, கீறல்பட்டு என்பதே அதன் தலைப்பின் பொருள். மிகைப்பட்ட தலைப்பென்று நாம் முதலில் எண்ணினோம். படித்தபின் அவ்வாறு எண்ணவில்லை.

இத்துணைக் கடுமை வேண்டுமா என்று கேட்போர் உளர். வேண்டும் என்பதே நம் துணிபு. அதற்கான காரணம் நம் தமிழ்ச் சொல்லிலேயே பொதிந்திருப்பதாக நமக்குத் தோன்றுகின்றது. விலங்கை வசப்படுத்தும் செயலுக்கு நம் மொழியில் இரு சொற்கள் உள்ளன. ஒன்று அடக்குதல்; மற்றொன்று பழக்குதல். அடங்கு என்னும் தன்வினையிலிருந்து அடக்கு பிறந்ததுபோல, பழகு என்பதிலிருந்து பழக்கு பிறந்தது. அடக்குவோன் தான் அடங்கியவனாக இருக்க வேண்டுவதில்லை. சாட்டை இருந்தால் போதும். பழக்குவோனுக்கோ அவ்வுயிரோடு தான் முதலில் பழகாமல் வேறு வழி இல்லை. (இலக்கண வகுப்பில் தன்வினை, பிறவினை என்று நாம் கரும்பலகையில் எழுதும்போது கொட்டாவி விடும் மாணவர்கள் இதனைக் கவனிப்பார்களாக.)

விலங்குப் பயிற்சியின் வரலாறும் இவ்விரு சொற்களுக்கும் இடைப்பட்ட தொலைவைக் கடந்து வந்த வரலாறே எனலாம். 1963இல் ஹவாய்த் தீவில் டால்பின்களைப் பழக்கப் புகுந்தார் கேரன் பிரையர் என்னும் அம்மையார். டால்பினுக்குக் கடிவாளம் இடமுடியாது. அடிக்க ஓங்கினால் நீந்திப் போய்விடும். ஆகவே எஞ்சியது ஒரு வாளி மீனும் ஓர் ஊதலும் மட்டுமே. வேண்டிய செயலைச் செய்த அந்நொடியில் ஊதல் ஒலி, தொடர்ந்து மீன். வேண்டாத செயலுக்குத் தண்டனை இல்லை, கண்டுகொள்ளாமை மட்டுமே. பி. எஃப். ஸ்கின்னர் என்னும் உளவியல் அறிஞர் எலியையும் புறாவையும் கொண்டு ஆய்ந்து வகுத்த நெறியே இதற்கு அடிப்படை. மூர்பார்க்கில் கற்பிக்கப்படுவதும் இந்நெறியே. அதன் பயனாக, நகம் வெட்டுவதற்குத் தன் பாதத்தைத் தானே நீட்டும் மலைச்சிங்கத்தை அங்கே கண்டதாகச் சதர்லண்ட் எழுதுகிறார். மயக்க ஊசியும் வேண்டாம், கயிறும் வேண்டாம் என்றால் அவ்விலங்குக்கு அது எத்துணைப் பெரிய விடுதலை! தலையில் கொண்டையுடைய ஆப்பிரிக்கக் கொக்குகள் தம்மைப் பழக்குவோரின் தலையிலும் தோளிலும் வந்து இறங்கித் தொல்லை கொடுத்த செய்தியையும் அவர் கூறுகிறார். விரட்டவில்லை, தரையில் பாய் விரித்து, பாயில் இறங்கப் பழக்கினர். பாயில் நிற்கும் கொக்கு ஒரே வேளையில் தலையிலும் நிற்க இயலாதன்றோ? வகுப்பில் பேசும் மாணவனை வெளியே அனுப்புவதையே வழக்கமாகக் கொண்ட நாம் இவ்விடத்தில் சற்று நிறுத்திப் படித்தோம்.

எனினும் பழக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு. ஸ்கின்னரின் மாணவரான கெல்லர் பிரேலண்ட், மரியன் பிரேலண்ட் இணையர் ஆயிரக்கணக்கான விலங்குகளைப் பழக்கிய பின்னர் 1961இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் தம் தோல்விகளை ஒளியாது எழுதினர். ரக்கூன் என்னும் அமெரிக்கச் சிறுவிலங்குக்கு நாணயத்தை எடுத்து உண்டியலில் இடப் பழக்கினர். ஒரு நாணயம் எளிதாயிற்று. இரண்டு நாணயங்களைக் கொடுத்ததும் அது உண்டியலை மறந்து, அவற்றை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே இருந்தது. தேய்த்தால் உணவு இல்லை என்பது அதற்குப் பட்டறிவில் தெரியும். ஆயினும் இரையைத் தேய்த்துக் கழுவும் பிறவி இயல்பு மேலெழுந்துவிட்டது. இயல்பை மறந்தோர்க்கு வரும் இடர் சிறிதன்று. 2010 பிப்ரவரியில் புளோரிடா மாநிலக் கடற்காட்சியகம் ஒன்றில் பல்லாண்டு அனுபவம் வாய்ந்த பயிற்சியாளரான டான் பிரான்ஷோ, தாம் நன்கறிந்த திமிங்கலத்தாலேயே உயிரிழந்தார். ஆகவேதான் இத்துறையில் ஆர்வம் மட்டும் தகுதியாவதில்லை என்கிறோம். விலங்கின்மீது அன்பு என்று விண்ணப்பத்தில் எழுதுவது எளிது. அவ்வன்பு நூறாவது நாள் விடியலிலும் துடைப்பத்தை எடுக்கிறதா என்பதைப் பார்க்க வேறு தேர்வு இல்லை.

காட்டு விலங்கைப் பழக்குவதே முறையா என்னும் வினாவும் எழுகின்றது. அதனை நாம் எளிதில் தள்ளிவிட மாட்டோம். நம் நாட்டில் கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றை வித்தை காட்டப் பழக்குவதை நடுவண் அரசு 1998ஆம் ஆண்டு அறிவிக்கையால் தடுத்தது. 2001இல் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. கலிபோர்னியா மாநிலமே சர்க்கஸில் காட்டு விலங்குகளைப் பயன்படுத்துவதைத் தடுக்கும் சட்டத்தை 2019இல் இயற்றியது. இத்தடைகள் நல்லனவே. கேளிக்கைக்காக ஓர் உயிரைக் கூண்டில் அடைப்பதை நாம் ஒருபோதும் ஏற்கவில்லை. ஆனால் முன்னரே கூண்டில் பிறந்து, காட்டுக்குத் திரும்பவியலாத உயிர்களை யார் பேணுவது? ஊசி போடக் கையை நீட்டும் குரங்கா, வலையில் புரண்டு கதறும் குரங்கா என்று கேட்டால், பழக்குதலைத்தான் நாம் தெரிந்தெடுப்போம். வித்தை ஒழியலாம், பழக்குவோர் தேவை ஒழியாது.

இவ்வளவும் அறிந்தபின் அம்மாணவரின் தந்தையாரைக் காண அவரது மளிகைக் கடைக்குச் சென்றோம். “பி.எஸ்ஸி. படிக்கவைத்தது சாணி அள்ளுவதற்கா சார்?” என்றார். அள்ளத்தான் என்றோம், நாம் படித்ததையும் சொன்னோம். வெளிமாநிலத்தார்க்கும் வெளிநாட்டார்க்கும் கட்டணம் பன்மடங்கு என்பதையும், இத்துறையில் ஊதியம் பெரிதன்று என்பதையும் மறைக்கவில்லை. பொறுமையாகக் கேட்டவர் கடைசியில், “பெருநாளுக்கும் லீவு கிடையாதாமே? எங்கள் வீட்டில் ஓர் ஆடு நிற்கிறது. இவன் அதற்கு ஒரு நாள் தழை போட்டுப் பார்த்ததில்லை. அவன் அம்மாதான் போடுகிறாள். இவனா சிங்கத்துக்குப் போடப் போகிறான்?” என்றார். நம்மிடம் மறுமொழி இல்லை. மாணவரிடமும் இல்லை.

இது நடந்து ஐந்து மாதம் ஆகின்றது. அமெரிக்கா செல்வது பற்றி அவர் இப்போது அதிகம் பேசுவதில்லை; விண்ணப்பத்துக்கு வேண்டிய பாடங்களை மட்டும் குறித்து வைத்திருக்கிறார். காலை முதல் மணி வகுப்புக்குச் சில நாள் சட்டையில் வைக்கோல் ஒட்டியபடி வருகிறார். சென்ற வாரம் நடைவழியில் நிறுத்திக் கேட்டோம். கை தட்டினால் ஆடு ஒரு மரப்பலகையின்மேல் வந்து நான்கு காலும் ஊன்றி நிற்கிறதாம். ஒவ்வொரு முறையும் ஒரு பிடி அகத்திக் கீரை. “அத்தா கூப்பிட்டால் வருகிறதா?” என்றோம். “அத்தா கீரையைக் கணக்குப் பார்த்துத்தான் கொடுப்பார் ஐயா. அதனால் பாதிப் பலகையில்தான் நிற்கிறது” என்றார்.