அடக்கமான பிள்ளை

“உங்கட மகள் சத்தமே இல்லாத பிள்ளை. நல்ல அடக்கம்.” தரம் ஒன்பதில் பெற்றோர் கூட்டத்தில் என் வகுப்பாசிரியை இப்படிச் சொன்னபோது உம்மாவின் முகம் மலர்ந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அது அடக்கம் அல்ல, பயம். வாயைத் திறந்தால் நான் ஒரு மொக்குப் பிள்ளை என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்ற பயம்.

எங்கள் வீடுகளில் தாழ்ந்த சுயமதிப்பு கண்ணில் படாமல் போவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். மகன் ஒதுங்கி இருந்தால் “இவனுக்கு என்ன நடந்தது?” என்று கேட்கிறோம். மகள் ஒதுங்கினால் பாராட்டுகிறோம். பணிவுள்ளவள் தன் திறமையை அல்லாஹ் தந்தது என்று அறிந்திருப்பாள். மற்றவளோ தன்னிடம் திறமையே இல்லை என்று நம்புவாள். வெளியிலிருந்து பார்த்தால் இருவரும் ஒரே மாதிரித்தான் தெரிவார்கள்.

சாதாரண தரத்தில் எனக்கு எட்டு ஏ, ஒரு பீ. பார்க்க வந்த மாமி, “அந்த ஒன்று எதில் போனது?” என்றுதான் முதலில் கேட்டார். அவர் மனதில் கெடுதல் இல்லை. ஆனால் எட்டும் அதிர்ஷ்டம், அந்த ஒன்றுதான் நான் என்று என் மனம் கணக்குப் போட்டுக்கொண்டது.

உயர்தரத்தில் வினாத்தாளைக் கண்டாலே கை நடுங்கத் தொடங்கிய பிறகுதான் பாடசாலையின் உளவளத்துணை ஆசிரியையிடம் போனேன். அவர் ஓர் உளவளத்துணையாளரிடம் அனுப்பினார். “நாளைக்குக் கல்யாணம் பேசும்போது யாரும் இதைச் சொன்னால்?” என்று உம்மா தயங்கினார். வாப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “காய்ச்சல் என்றால் கொண்டுபோக மாட்டோமா?” என்றார்.

“நீ கெட்டிக்காரி” என்று பத்துத் தரம் சொல்லி அனுப்புவார்கள் என்றுதான் நினைத்துப் போனேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. 1960களில் அமெரிக்க உளமருத்துவர் ஆரன் பெக் உருவாக்கிய சிகிச்சை முறையில், மனம் சொல்வதை அப்படியே நம்பாமல் அதனிடம் ஆதாரம் கேட்கப் பழக்குகிறார்கள். எனக்குக் கிடைத்த வேலை இதுதான்: இரசாயனவியல் பாடத்தில் விளங்காத ஒன்றைக் கேட்க வேண்டும், கேட்டால் என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே கொப்பியில் எழுத வேண்டும். “எல்லோரும் சிரிப்பார்கள்” என்று எழுதினேன். குரல் நடுங்கக் கேட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை. பின் வாங்கிலிருந்து ஒருத்தி, “மிஸ், எனக்கும் அது விளங்கவில்லை” என்றாள். அதையும் கொப்பியில் எழுதினேன்.

உடனே எல்லாம் மாறிவிடவில்லை. ஒன்றும் எழுதாமல் வெறும் கொப்பியோடு போன கிழமைகளும் உண்டு. ஆனால் அந்தப் பக்கங்கள் கூடக் கூட, மனம் சொல்லும் பொய்கள் எனக்குப் பிடிபடத் தொடங்கின.

இதை ஈமான் குறைவு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். தொழுகை எனக்குப் பெரிய ஆறுதல். ஆனாலும் தொழுதுவிட்டு மருந்து குடிக்கும் நோயாளியை நாம் அப்படிச் சொல்வதில்லையே.

பாடசாலையில் கதைக்க வெட்கப்படும் தோழிகள் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்றில்லை. உம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டும் எடுக்கலாம்.