குடும்ப நலம்: பற்களுக்குக் கம்பி கட்டுதல்



சென்ற மாதம் ஒரு தாயிடமிருந்து நமக்கு மடல் ஒன்று வந்தது. 13 வயது நிரம்பிய தம் மகள், சிறு வயது முதல் பங்கின் பாடற்குழுவில் பாடி வந்தவள், இப்போது பாட மறுக்கிறாள் என்று அவர் எழுதியிருந்தார். மேற்பற்கள் முன்தள்ளி, கோரைப்பல் தெற்றாக முளைத்திருப்பதைப் பள்ளியில் சிலர் கேலி செய்தனராம். அன்று முதல் அவள் வாயைக் கையால் மறைத்துக்கொண்டே பேசுகிறாள். அண்ணன் திருமணத்தில் எடுத்த குடும்பப் படத்திலும் இதழ்களை இறுக மூடியே நிற்கிறாள். பல் மருத்துவரோ கம்பி கட்டலாம் என்கிறார். தந்தை, "கடவுள் கொடுத்த பல்லைக் கம்பி போட்டு இழுப்பது வீண் ஆடம்பரம்" என்கிறார். பாட்டியோ, மேற்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை கெட்டுவிடும் என்று அஞ்சுகிறார். "இது ஆடம்பரமா, மருத்துவமா? பிள்ளைக்குத் துன்பம் தருமா? நீங்களே சொல்லுங்கள்" என்று அந்தத் தாய் கேட்கிறார்.

இக்கேள்விகள் ஒரு வீட்டுக்கு மட்டும் உரியவை அல்ல. ஆகவே இம்மாதம் இதனையே நாம் எடுத்துக்கொள்வோம்.

ஆடம்பரமா?

நம் உடல் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்று புனித சின்னப்பர் கொரிந்தியருக்குக் கற்பித்தார். ஆலயத்தின் சுவர் சாய்ந்தால் அதை நிமிர்த்துவதை நாம் ஆடம்பரம் என்று சொல்வதில்லை. பார்வை மங்கிய பிள்ளைக்குக் கண்ணாடி வாங்கித் தருகிறோம். கால் வளைந்த பிள்ளைக்குக் கட்டுப் போடுகிறோம். பல்லும் உடலின் உறுப்பே.

பற்கள் உணவைக் கடிக்கவும் மெல்லவும், சொற்களைத் திருத்தமாக ஒலிக்கவும் நமக்கு அளிக்கப்பட்டவை. ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருங்கிய பற்களுக்கிடையே துலக்கியின் இழைகள் எளிதில் சென்று எட்டுவதில்லை. முன்தள்ளிய மேற்பற்கள், பிள்ளை ஓடி விழும்போது முதலில் அடிபட்டு உடைகின்றன. சிலருக்குக் கீழ்ப்பற்கள் மேலண்ணத்து ஈற்றையே கடித்துப் புண்ணாக்குகின்றன. இத்தகையோருக்குப் பல் சீரமைப்பு உண்மையான மருத்துவமே. மாறாக, சற்றே திரும்பிய ஒரு பல்லுக்காக, பிள்ளைக்கே குறையாகத் தோன்றாதபோது, அயல் வீட்டாரைப் பார்த்துக் கம்பி கட்டுவது தேவையற்றது. எல்லாத் தெற்றுப்பல்லும் நோயன்று.

வரிசை ஏன் தவறுகிறது?

முதற்காரணம் மரபு. தாடை சிறுத்தும் பற்கள் பெருத்தும் அமைந்தால் இடம் போதாமல் பற்கள் நெருங்கும். இதற்குப் பெற்றோரையோ பிள்ளையையோ குறை கூற இயலாது. ஆனால் நாம் தடுக்கக்கூடிய காரணங்களும் உள.

"பால் பல்தானே, விழத்தானே போகிறது" என்று நம் இல்லங்களில் சொல்வது வழக்கம். பால் பற்கள் 20. அவற்றுள் கடைவாய்ப் பால் பற்கள் 10 அல்லது 12 வயது வரை நிலைத்திருந்து, அடியில் வளரும் நிலைப்பல்லுக்கு இடம் காத்து நிற்கின்றன. அவை சொத்தையாகி முன்னதாகவே விழுந்தால், 6 வயதில் முளைத்த நிலையான கடைவாய்ப்பல் முன்னோக்கிச் சாய்ந்து அவ்விடத்தை அடைத்துக்கொள்ளும். பின்னர் வரும் பல் எங்கே முளைக்கும்? ஆதலால் பால் பல்லின் சொத்தையை அடைத்துக் காப்பதும், அது விழுந்தே விட்டால் இடம் காக்கும் சிறு கருவியை மருத்துவரிடம் பொருத்திக்கொள்வதும் பிற்காலச் செலவைக் குறைக்கும்.

நான்கைந்து வயதுக்குப் பின்னும் கட்டைவிரல் சூப்புதல் மேற்பற்களை முன்னே தள்ளும். மூக்கடைப்பாலோ, தொண்டைக்கு மேலுள்ள சதை வளர்ச்சியாலோ எப்போதும் வாயால் மூச்சுவிடும் பிள்ளைக்கும் தாடை வளர்ச்சி மாறக்கூடும். அத்தகைய பிள்ளையை முதலில் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஓர் ஆறுதலான செய்தியும் உண்டு. 8 முதல் 11 வயது வரை பல பிள்ளைகளுக்கு மேல் முன்பற்களிடையே இடைவெளி தோன்றி, அவை விசிறிபோல் விரிந்து நிற்கும். மேலே முளைக்கக் காத்திருக்கும் கோரைப்பற்கள் வேர்களை நெருக்குவதே இதற்குக் காரணம். கோரைப்பல் முளைத்து இறங்கியதும் பெரும்பாலும் இவ்விடைவெளி தானே மூடிக்கொள்ளும். புதுநன்மை வாங்கும் வயதில் பிள்ளையின் பல் அழகாயில்லை என்று கலங்கும் தாய்மார் இதை நினைவிற்கொள்வது நலம்.

பல் நகர்வது எப்படி?

எலும்பில் ஊன்றிய பல் நகருமா என்று பலர் வியப்பர். பல் எலும்போடு ஒட்டியிருக்கவில்லை. வேருக்கும் எலும்புக்குமிடையே ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் கனமுள்ள மெல்லிய நார்ப்படலம் உள்ளது. பல்லை ஒரு புறமாக மெல்ல அழுத்தினால், அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பைக் கரைக்கும் உயிரணுக்கள் தோன்றுகின்றன. இழுபடும் பக்கத்தில் எலும்பைக் கட்டும் உயிரணுக்கள் புது எலும்பை இடுகின்றன. உழவர் வரப்பை நகர்த்துவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் மண்ணை வெட்டி மறுபக்கம் அணைத்துக்கொண்டே போனால் வரப்பு இடம் மாறிவிடும். தாடையில் நிகழ்வதும் அதுவே.

இவ்வேலைக்கு மென்மையான, இடைவிடாத விசையே உகந்தது. மிகுதியாக அழுத்தினால் நார்ப்படலத்தில் இரத்த ஓட்டம் தடைப்பட்டுப் பல் நகராமல் நின்றுவிடும், வேரும் கேடுறும். ஆகையால் மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டருக்கு மேல் எதிர்பார்க்கலாகாது. "விரைவாக முடித்துத் தாருங்கள்" என்று மருத்துவரை நெருக்குவோர் இதை உணர வேண்டும்.

இந்த எண்ணம் புதிதன்று. கிறிஸ்துவுக்குப் பின் முதல் நூற்றாண்டிலேயே உரோமை எழுத்தாளர் செல்சுஸ், பால் பல் விழுமுன் நிலைப்பல் முளைத்தால் பால் பல்லை அகற்றி, புதுப் பல்லை நாள்தோறும் விரலால் அதன் இடத்துக்குத் தள்ளுமாறு எழுதினார். பிரான்சு நாட்டுப் பல் மருத்துவர் பியேர் பொஷார் 1728-இல் வெளியிட்ட நூலில், பற்களை நூலால் உலோகப் பட்டையோடு கட்டிச் சீர்செய்யும் முறையை விவரித்தார். அமெரிக்கரான எட்வர்ட் ஆங்கிள் 1899-இல் பற்கடியின் குறைகளை வகைப்படுத்தினார். அவ்வகைப்பாடு இன்றும் வழக்கிலுள்ளது. 1955-இல் மைக்கேல் பூனாகோர் பல்லின் எனாமலை அமிலத்தால் சிறிது சொரசொரப்பாக்கினால் பிசின் உறுதியாக ஒட்டும் என்று கண்டறிந்தார். அதன் பயனாகவே, ஒவ்வொரு பல்லையும் சுற்றி உலோக வளையம் மாட்டிய பழைய முறை மறைந்து, சிறு பிடிப்பான்களைப் பல்லின்மேல் ஒட்டும் முறை பரவிற்று.

சிகிச்சையின் படிகள்

மக்கள் "கிளிப் போடுதல்" என்று சொல்லும் இச்சிகிச்சை ஒரே நாளில் தொடங்கிவிடுவதில்லை. முதலில் பல்லின் அச்செடுத்து மாதிரி அமைப்பர்; எக்ஸ்ரே படங்களும் ஒளிப்படங்களும் எடுப்பர். சொத்தைகளை அடைத்து, ஈறுகளைத் தூய்மை செய்த பின்னரே பிடிப்பான்களை ஒட்டுவர். பிடிப்பான்களின் பள்ளத்தில் மெல்லிய கம்பியை வைத்துச் சிறு ரப்பர் வளையங்களால் கட்டுவர். தொடக்கத்தில் இடும் கம்பி பெரும்பாலும் நிக்கலும் டைட்டேனியமும் கலந்தது. வளைத்தாலும் தன் பழைய வடிவுக்கே திரும்பும் இயல்பு அதற்குண்டு. அப்படித் திரும்பும்போது பற்களையும் மெல்ல உடனழைத்துச் செல்கிறது. பின்னர் தடித்த எஃகுக் கம்பிகள் இடப்படும். 4 முதல் 6 வாரங்களுக்கு ஒருமுறை மருத்துவரைக் காண வேண்டும். முழுச் சிகிச்சைக்குப் பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் ஆகும். கடினமான நிலைகளில் இன்னும் நீளலாம்.

துன்பம் தருமா எனில், ஒட்டும்போது வலி இல்லை. முதல் இரண்டு மூன்று நாட்கள் பற்கள் நோகும். கஞ்சி, இட்லி, குழைந்த சோறு ஆகியவை போதும். கன்னம் உராய்ந்து புண்ணானால், மருத்துவர் தரும் மெழுகைப் பிடிப்பான்மேல் வைத்துக்கொள்ளலாம். உப்பு நீரால் கொப்பளிக்கலாம்.

இடம் போதாதவர்க்குச் சில வேளைகளில் கோரைப்பல்லை அடுத்துள்ள சிறு கடைவாய்ப்பற்களை அகற்ற நேரும். எல்லார்க்கும் இது தேவையில்லை. பாட்டியின் அச்சத்துக்கு இங்கே விடை கூறுவோம். பல்லுக்குச் செல்லும் நரம்பு வேறு. பார்வை நரம்பு வேறு. மேற்பல்லை முறையாக அகற்றுவதால் பார்வை கெடுவதில்லை. முதுமையில் பல் விழுவதும் பார்வை மங்குவதும் ஒரே காலத்தில் நேர்வதால் பிறந்த நம்பிக்கை போலும் இது.

கம்பிக்குப் பதிலாக ஒளி ஊடுருவும் கழற்றி மாட்டும் உறைகளும் இன்று கிடைக்கின்றன. அவற்றை நாளொன்றுக்கு 20 மணி நேரத்துக்கு மேல் அணிய வேண்டும். செலவும் பெரும்பாலும் மிகுதி. எல்லாக் குறைகளுக்கும் ஏற்றவையும் அல்ல.

வீட்டாரின் கடமை

பாதி வேலை மருத்துவருடையது, மறுபாதி வீட்டாருடையது. ஒவ்வோர் உணவுக்குப் பின்னும், கம்பியின் மேலும் கீழும் பல் துலக்க வேண்டும். இடுக்குகளுக்கெனச் சிறு துலக்கிகள் உள்ளன. ஃபுளோரைடு சேர்ந்த பற்பசை அவசியம். இதில் அசட்டை செய்தால், பிடிப்பானைக் கழற்றும் நாளில் அதைச் சுற்றி வெண்திட்டுகள் நிலைத்திருக்கக் காண்போம்; அவை சொத்தையின் தொடக்கமே.

முறுக்கு, சீடை, கடலைமிட்டாய், கரும்பு ஆகியவற்றுக்கு விடை கொடுக்க வேண்டும். கிறிஸ்து பிறப்பு விழாவின் முந்திரிக்கொத்தும் இதில் அடங்கும் என்பதைச் சிறுவர் வருத்தத்தோடு ஏற்பார்களாக! கொய்யா, ஆப்பிள் போன்றவற்றைச் சிறு துண்டுகளாக நறுக்கி உண்ணலாம். இனிப்புப் பானங்களைக் குறைத்தல் நன்று.

கம்பியைக் கழற்றியதும் எல்லாம் முடிந்தது என்று எண்ணுவோர் பலர். இதுவே பெரும் தவறு. நகர்ந்த பல்லைச் சுற்றியுள்ள ஈற்று நார்கள் பழைய இடத்துக்கே இழுக்கும். அவை புது நிலைக்கு அமைய ஓராண்டு வரை ஆகலாம். ஆகவே மருத்துவர் தரும் தாங்கு கருவியை அவர் குறித்த காலம் முழுவதும், பலர் ஆண்டுக்கணக்கில் இரவுதோறும், அணிய வேண்டும். இரண்டாண்டு உழைப்பும் பொருளும் இதை மறந்தால் வீணாகும்.

எப்போது, யாரிடம்?

ஏழு வயதில் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டுவது நன்று. காட்டுவது என்றால் உடனே கம்பி கட்டுவது என்பதில்லை. நிலைப்பற்கள் முளைத்து முடியும் 11 முதல் 14 வயது வரை சிகிச்சைக்கு ஏற்ற பருவம். ஈறும் எலும்பும் நலமாயிருந்தால் பெரியவர்களும் செய்துகொள்ளலாம். ஆனால் திருமணத்துக்கு மூன்று மாதம் இருக்கையில் மகளை அழைத்துச் சென்று அவசரப்படுத்துவோரை நாம் கண்டிருக்கிறோம். அதனால் பயனில்லை. மகளுக்கு மட்டும் செய்து மகனை விட்டுவிடுவதும் சரியன்று. கடிப்பதும் மெல்லுவதும் இருவருக்கும் பொதுவே.

பல் மருத்துவப் பட்டத்துக்குப் பின் மேலும் மூன்றாண்டுகள் இத்துறையில் மட்டும் பயின்ற நிபுணரையே நாடுங்கள். செலவைத் தவணைகளாகச் செலுத்த இயலுமா என்று தொடக்கத்திலேயே கேட்பதில் வெட்கமில்லை. வசதி குறைந்தோர் சென்னையிலுள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி போன்ற அரசு நிலையங்களை நாடலாம். காத்திருக்க நேர்ந்தாலும் செலவு மிகக் குறைவு.

ஓர் எச்சரிக்கை: முன்பற்களின் இடைவெளியை மூட ரப்பர் வளையத்தை வீட்டிலேயே மாட்டுவோர் உளர். வேர் நுனி நோக்கிக் குறுகுவதால், அவ்வளையம் ஈற்றுக்குள் நழுவி ஏறி, எலும்பையே அரித்து, நல்ல பற்களை விழச் செய்துவிடும். இதனை ஒருபோதும் செய்யாதீர்.

இறுதியாக, மடல் எழுதிய தாய்க்கு: உங்கள் கணவரையும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்; மாதிரியைக் கண்ணால் கண்டால் அவர் ஐயம் தீரும். மகளிடமும் கேளுங்கள், இரண்டாண்டுப் பொறுமை அவளுடையதாதலால் அவள் இசைவு வேண்டும். ஆனால் அவள் மீண்டும் பாடக் கம்பி கழற்றும் நாள்வரை காத்திருக்கலாகாது. பல் நேராவதற்கு முன்னும் அவள் குரல் இறைவனுக்கு இனியதே என்பதை இன்றே, தந்தையின் வாயால், அவள் கேட்கட்டும். அவளைக் கேலி செய்தோர் நம் மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளாயும் இருக்கலாம். அவர்களைத் திருத்துவது பெற்றோராகிய நம் அனைவர் கடமை.

249-ஆம் ஆண்டில் அலெக்சாந்திரியாவில் விசுவாசத்துக்காகப் பற்கள் உடைக்கப்பட்டு உயிர் துறந்த புனித அப்பொலோனியாவைப் பல் நோயாளரின் பாதுகாவலியாகத் திருச்சபை போற்றுகிறது. அவர் திருநாள் பிப்ரவரி 9. வாயைக் கையால் மறைக்கும் நம் பிள்ளைகள் எல்லாருக்காகவும் அவரது மன்றாட்டை வேண்டுவோமாக!